வெந்நீர் விளாவக்கூட மனமில்லையா?

விடியற்காலை ஐந்தரை மணி. புதுச்சேரியில், வில்லியனூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். பின்கட்டில், கூரையில்லாத சிமெண்டுத் தரையில், நான்கு பாட்டிகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உடம்பில் நனைந்த சேலை ஒரு சுற்று. ஆயா ரப்பர் குழாயைப் பிடித்துத் தலையில் தண்ணீர் அடிக்கிறார். மார்கழி இரவு முழுவதும் மொட்டைமாடித் தொட்டியில் கிடந்து சில்லிட்ட தண்ணீர். முதல் பாட்டிக்குத் தாடை கிடுகிடுவென ஆடுகிறது. அதைப் பார்த்தபடியே மற்ற மூவரும் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். நாலடி தள்ளிப் பால்காரர் பால் அளந்துகொண்டிருக்கிறார்.

நாம் நேரில் கண்டது இது. இல்லத்தின் பெயரை எழுதவில்லை. ஒரு பெயரோடு இந்த விஷயம் முடிந்துவிடக் கூடாது. பொறுப்பாளரைக் கேட்டோம். “தினமும் குளிப்பாட்டுகிறோமே சார், எத்தனை வீட்டில் இதைச் செய்கிறார்கள்?” என்றார். குளிரைவிட அந்தப் பதில்தான் நம்மைச் சுட்டது. பெற்ற பிள்ளை கவனிக்கவில்லை என்பது, பிறர் எப்படி வேண்டுமானாலும் நடத்துவதற்கான அனுமதியா?

அதே தொட்டித் தண்ணீர் சித்திரைப் பகலில் கைவைக்க முடியாமல் கொதிக்கும். முதுமையில் தோல் மெலிந்துவிடுகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். பிரிட்டனில் பராமரிப்பு இல்லங்களின் குளியல் தொட்டி நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. நம் வீட்டுப் பெண்களுக்கு இதற்குக் கருவியே தேவைப்பட்டதில்லை. வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர், விளாவி, முழங்கையை வைத்துப் பதம் பார்ப்பார்கள். பிள்ளைக்குச் செய்வதைப் பாட்டிக்குச் செய்ய என்ன தடை? மறதிநோய் வந்தவர் தலையில் திடீரென்று தண்ணீரைக் கொட்டினால் அலறத்தான் செய்வார். அதற்கு ‘அடம்’ என்று பெயர் வைக்காதீர்கள். சொல்லிவிட்டுப் பாதத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, முதியோர் இல்லங்களுக்கான தரத்தை அரசு வகுக்கலாம் என்கிறது. அந்த ‘லாம்’தான் ஓட்டை. இல்லங்களைப் பதிவுசெய்வதையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்க 2019இல் வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த காப்பகத்தின் கொடுமைகள் 2023 பிப்ரவரியில் வெளிவந்தன. அதற்குப் பிறகும் நமக்கு உறைக்கவில்லை.

இல்லம் நடத்துவோரே, வரும் ஐப்பசிக்குள் திருத்துங்கள். கூரையும் கதவும் உள்ள குளியலறை. வழுக்காத தரை, சுவரில் பிடிமானக் கம்பி, உட்காரக் கனமான முக்காலி. பெண்களைக் குளிப்பாட்டப் பெண்களே. ஆளுக்கொரு துண்டு. ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் 30இல், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் பாகூர் கிராமங்களைத் தென்பெண்ணை வெள்ளம் சூழ்ந்தது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் நின்றால் வெந்நீருக்குக் கீசர் உதவாது. விறகடுப்பும் அண்டாவும் தயாராக இருக்கட்டும். “இன்றைக்குக் குளிக்கிறீர்களாம்மா, நாளைக்கா?” என்று கேட்கவும் பழகுங்கள்.

அதிகாரிகளுக்கு ஒன்று. ஆய்வுக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் போங்கள். பதினோரு மணிக்குப் போனால் தரை காய்ந்திருக்கும்.