கைக்குழந்தையோடு போனால் ஒரே ஊர் போதும்

தமிழ்க் குடும்பங்களில் குழந்தையின் முதல் வெளியூர்ப் பயணம் பெரும்பாலும் கோயிலுக்குத்தான். குலதெய்வத்துக்கு முடியிறக்க வேண்டும், காது குத்த வேண்டும், பழனிக்கு நேர்ந்துகொண்டது பாக்கியிருக்கும், சிலருக்குக் குருவாயூரில் சோறூட்டும் ஆசையும் இருக்கும். ஒருகாலத்தில் இவை தனித்தனிப் பயணங்கள். இன்று, வேன் பிடிப்பதுதான் செலவு, பிடித்த பிறகு எத்தனை ஊர் போனால் என்ன என்ற கணக்கில் எல்லாம் ஒரே பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் கிளம்பி, சனிக்கிழமை காலையில் பழனியில் மொட்டை, மதியம் ஆனைமலை மாசாணியம்மன், அப்படியே டாப்சிலிப்பில் யானை, ஞாயிறு விடியலில் குருவாயூர், அன்றிரவே திரும்பல். அந்த வேனில் ஏழு மாதக் குழந்தையும் இருக்கும். கிளம்புவதற்கு முன் வீட்டில் விவாதம் நடக்காமல் இல்லை. காட்டுக்குக் கூட்டிப்போகலாமா, கோயில் கூட்டத்துக்குள் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்கள். பட்டியலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தையோடு கோயிலுக்கும் போகலாம், காட்டோரத்துக்கும் போகலாம். ஆனால் ஒரு பயணத்துக்கு ஒரே ஊர் என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும் என்பதே என் வாதம். கைக்குழந்தைக்கு வழியில் நேரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவை அவசரத்தில்தான் பிறக்கின்றன.

மிகப் பெரிய ஆபத்து சாலையில் இருக்கிறது. காட்டில் யானை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் அந்தக் காட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையைப் பற்றி அஞ்சுவதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு, 64,105 விபத்துகள். இந்தச் சாலைகளில்தான் இரவு முழுக்க ஓட்டிய ஓட்டுநரை மறுநாள் பகலிலும் ஓட்டச் சொல்கிறோம். குழந்தை அம்மாவின் மடியிலோ, வேடிக்கை பார்க்கட்டும் என்று முன்சீட்டில் அப்பாவின் மடியிலோ இருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி நின்றால், 8 கிலோ குழந்தை முன்னால் வீசப்படும் விசை அதன் எடையைப் போலப் பல மடங்கு இருக்கும். எவ்வளவு இறுக்கி அணைத்திருந்தாலும் கை தாங்காது. முன்சீட்டில் ஏர்பேக் விரிந்தால், காப்பாற்ற வைத்த அதுவே குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவு, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் வாடகை வேனில் குழந்தை இருக்கை கேட்கும் குடும்பங்கள் எத்தனை? கேட்டாலும் தருகிற டிராவல்ஸ்காரர் எத்தனை பேர்? ஊர்களைக் குறைத்தால் முதலில் குறைவது சாலையில் கழியும் நேரம். சென்னையிலிருந்து பழனிக்கே இரவு ரயில் இருக்கிறது. ஒரே ஊர் என்றால் ரயில் போதும். ஐந்து ஊர் என்றால்தான் வேன் வேண்டும்.

அடுத்து, கூட்டம். தட்டம்மைக்கான முதல் தடுப்பூசியை நம் நாட்டில் ஒன்பது மாதம் முடிந்த பிறகே போடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் அதற்கு முன்பே தேயத் தொடங்கிவிடும். தட்டம்மைக் கிருமியோ, நோயாளி இருந்துவிட்டுப் போன மூடிய இடத்தின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கக்கூடியது. ஆக, ஆறாவது மாதத்துக்கும் ஒன்பதாவது மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் அடைத்த கூண்டு வரிசையில் மணிக்கணக்கில் நிற்பது குழந்தைக்கு ஆகாது. சோறூட்டலும் ஏழாம் மாத மொட்டையும் சரியாக அந்தக் காலத்தில்தான் வருகின்றன. இதற்காகச் சடங்கை விடச் சொல்லவில்லை. ஒற்றைப்படை மாதம் என்பதுதான் வழக்கம் என்றால் பதினொன்றாம் மாதமும் ஒற்றைப்படைதான். தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்து, முகூர்த்த நாளோ கிருத்திகையோ இல்லாத ஒரு புதன்கிழமையில் முடியிறக்கினால் சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஐந்து கோயில் பட்டியலோடு வருகிறவர்களால் அந்தப் புதன்கிழமைக்குக் காத்திருக்க முடியாது என்பதுதான் சிக்கல். விடுமுறை கிடைக்கும் நாளில் அவர்களும் வருகிறார்கள், ஊரே வருகிறது. 2025 ஜனவரியில் வைகுண்ட ஏகாதசி டோக்கன் வாங்கும் நெரிசலில் திருப்பதியில் ஆறு பேரும், அதே ஆண்டு ஜூலையில் ஹரித்வார் மானசா தேவி கோயில் பாதையில் எட்டுப் பேரும் மாண்டார்கள். நெரிசல் வந்துவிட்ட பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்தான் எல்லோரிலும் எளிதில் நிலை தடுமாறக்கூடியவர்.

கோயிலுக்குள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில, அவையும் நிதானம் இருந்தால்தான் நினைவுக்கு வரும். மொட்டை போடுகிறவர் புது பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரித்துப் பொருத்த வேண்டும். பின்னால் வரிசை நெருக்கும்போது அதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். தரிசனம் முடிந்ததும் பாட்டி விரலில் ஒரு துளி பஞ்சாமிர்தம் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், பேரீச்சம்பழம், ஏலக்காய் ஆகியவற்றோடு தேனும் சேர்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர், பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளரச் செய்துவிடும். நெற்றியில் திருநீறு பூசினால் போதும், பிரசாதம் பெரியவர்களுக்கு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு, எவ்வளவு வெயிலானாலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எனவே தீர்த்தமும் வேண்டாம். தாய் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி பால் கொடுக்க முடிய வேண்டும். அதற்கு உட்கார ஓர் இடமும் யாரும் அவசரப்படுத்தாத அரைமணி நேரமும் வேண்டும்.

காட்டு விஷயத்தில் என் கருத்து இன்னும் கண்டிப்பானது. திறந்த ஜீப் சவாரிக்குக் கைக்குழந்தையைக் கூட்டிப்போகவே கூடாது. புலிகள் காப்பகங்களில் வனத்துறை வண்டிகள் கிளம்புவது பெரும்பாலும் விடியலில் அல்லது மாலையில். விடியலில் முதுமலையில் குளிர் நடுக்கும். குண்டும் குழியுமான தடத்தில், கழுத்து இன்னும் முழுதாக நிற்காத குழந்தையின் தலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடும். கன்றோடு நிற்கும் யானைக் கூட்டத்தின் அருகே ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வார். பசித்த குழந்தை அந்த நேரத்தில்தான் வீறிடும். அழாதே என்று அதற்குப் புரியவைக்க முடியாது. விலங்குக்கும் தொல்லை, காசு கொடுத்து வந்த மற்றவர்களுக்கும் தொல்லை. உண்ணிகள் பரப்பும் குரங்குக் காய்ச்சல் நீலகிரி, பந்திப்பூர், வயநாட்டுக் காடுகளை எட்டியிருப்பதால், வறண்ட மாதங்களில் குழந்தையைக் காட்டுத் தரையில் தவழவிடுவதும் சரியில்லை. அப்படியானால் காடே வேண்டாமா? முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் போகலாம். காலையும் மாலையும் பாகன்கள் கேழ்வரகும் கொள்ளும் சோறும் வேகவைத்துப் பெரிய கவளங்களாக உருட்டி யானைகளின் வாயில் ஊட்டுவார்கள். பார்வையாளர்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். குழந்தை அழுதால் தள்ளிப்போக இடம் இருக்கிறது. ஏழு மாதக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், அசைந்து தின்னும் ஒரு முழு யானை. புதருக்குள் ஒரு நொடி தெரிந்து மறையும் புலியைக் குழந்தையால் எப்படியும் பார்க்க முடியாது.

கோயிலும் காட்டுயிரும் ஒரே ஊரில் வேண்டும் என்பவர்களுக்குச் சிவகங்கைச் சீமையைச் சொல்வேன். பிள்ளையார்பட்டியிலிருந்து வெகுதூரம் போகாமலே திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் அங்குள்ள கண்மாய்களின் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கொண்டை ஊசி வளைவு இல்லை, குளிர் இல்லை, ஜீப் இல்லை. காலையில் பிள்ளையார் தரிசனம், வெயில் ஏறும் முன் அறைக்குத் திரும்பித் தூக்கம், மாலையில் கண்மாய்க் கரை என்று ஒரு நாள் முழுவதையும் குழந்தையின் பசிக்கும் தூக்கத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். குலதெய்வமே காட்டுக்குள் இருக்கும் குடும்பங்களும் உண்டு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் தென்மாவட்டத்தில் பலருக்குக் குலதெய்வம். ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் திரளும். குழந்தையின் முதல் முடியை அந்த நெருக்கடியில்தான் இறக்க வேண்டும் என்பதில்லை; சாதாரண நாளிலும் அய்யனார் அங்கேதான் இருக்கிறார்.

ஒரு வயது வரை எங்கும் போகாமல் இருந்துவிட்டால் என்ன, குழந்தைக்கு எதுவும் நினைவிருக்கப் போவதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைக்கு நினைவிருக்காது என்பது உண்மைதான். ஆனால் பயணம் தாய்க்கும் தேவைப்படுகிறது. பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் நாலு சுவருக்குள் தூக்கமில்லாமல் கிடக்கும் பெண்ணுக்கு ஒரு கோயில் பிராகாரமும் ஒரு கண்மாய்க் கரையும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்தக் கேள்வி கணக்கில் எடுப்பதே இல்லை. குழந்தையின் பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் அவள் மட்டும்தான். அப்பா வழக்கம்போல வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து, அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் கைப்பிள்ளையோடு போகவில்லையா என்ற குரல் வருகிறது. போனார்கள். ஆனால் போன இடத்தில் பொங்கலிட்டு, ராத்தங்கி, மரத்தடியில் தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைத்துத் திரும்பினார்கள். ஒரு நாளில் மூன்று மாவட்டம் தாண்டவில்லை. 1971-ல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அது 28. அந்தச் சாவுகளுக்குப் பயணம் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதற்கு இருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே.

லீவு கிடைப்பதே இரண்டு நாள், அதில் ஒரே ஊரா என்பது நியாயமான வருத்தம். ஆனாலும் இரண்டு நாளில் ஐந்து ஊர் போகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் பார்ப்பது வண்டி நிறுத்துமிடத்தையும் வரிசையையும்தான். வேன் வாடகையும் டீசல் காசும் மிச்சமானால், கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல அறை எடுக்கலாம். வாய்ப்புக் கிடைக்கும்போதே எல்லா வேண்டுதலையும் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் பெரியவர்களுடையது. அதைப் பிள்ளைமீது ஏற்றக் கூடாது.

குடும்பங்கள் திருந்தினால் மட்டும் போதாது, நிர்வாகங்களும் இடம் கொடுக்க வேண்டும். திருமலையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோரை, பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சுபதம் வாயில் வழியாகக் கட்டணமின்றி அனுமதிக்கிறார்கள். தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015-லேயே திறக்கப்பட்டன. பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் அமைப்பதை மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இந்து சமய அறநிலையத் துறை 2021-ல் தன் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. இவ்வளவு செய்ய முடிந்த இடத்தில், கைக்குழந்தைக்குத் தனி வழி விடுவது மற்ற பக்தர்களுக்கு அநீதி என்றும், இரவல் குழந்தையோடு வருவார்கள் என்றும் சொல்லி ஒதுங்குவது சரியாகாது. இரவல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் பொருந்தாது. மற்றவர்களுக்கு நேரும் இழப்பும் ஒரு சில நிமிடங்கள்தான். சிறப்புக் கட்டண வரிசைகளுக்காக அதைவிட அதிக நேரம் அவர்கள் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். பழனி போன்ற கோயில்களில் கூட்டம் குறைந்த வாரநாட்களில் காலை இரண்டு மணி நேரத்தைக் கைக்குழந்தைகளின் மொட்டைக்கு ஒதுக்கலாம். விஞ்சிலும் ரோப் காரிலும் அந்தக் குடும்பங்களை முதலில் ஏற்றலாம். காற்று பலமாக வீசியோ பராமரிப்புக்காகவோ ரோப் கார் நிற்கும் நாட்களை அடிவாரத்துக்கு வந்த பிறகு சொல்லாமல், கிளம்பும் முன்பே தெரியும்படி செய்யலாம். சரணாலய வாயில்களிலும் யானை முகாம்களிலும் பால் கொடுக்க ஒரு மறைவான அறை, துணி மாற்ற ஒரு மேடை, கைகழுவத் தண்ணீர் வேண்டும். இதில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. அந்தந்தக் கோயில் நிர்வாகமும் வனச்சரக அலுவலகமும் தங்கள் அளவிலேயே தொடங்கிவிடலாம்.