வற்றிய ஆறும் விஷ ஜுரமும்

இலங்கைத் தீவின் படத்தை எடுத்து, மழையின் அளவைக் கொண்டு ஒரு கோடு இழுப்போமாயின் தேசம் இரு கூறாகும். தென்மேற்கே ஈர வலயம். ஏனைய பெரும்பாகம் உலர் வலயம். நெடுங்காலம் மலேரியாவின் எல்லையும் ஏறக்குறைய அக்கோடாகவே இருந்தது. அநுராதபுரம், பொலன்னறுவை என்னும் பழைய ராஜதானிகள் இருந்த உலர் வலயத்தில் விஷ ஜுரம் ஓயாத தொல்லை. ஈர வலயத்து ஜனங்களோ பெரும்பாலும் அதற்குத் தப்பியிருந்தனர்.

மழை மிகுந்த இடத்திலன்றோ கொசு மிகவேண்டும் என்று நேயர்கள் வினவலாம். அங்கே இந்நோயைப் பரப்பிய முக்கியமான கொசு அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். ஆற்றுப் படுகையில் வெயில் படும் தெளிந்த குட்டைகளே அதற்கு உகந்தவை. நதி பெருகி ஓடினால் அதன் புழுக்கள் அடித்துச் செல்லப்படும். ஆகவே, ஓடும் ஆறே ஈர வலயத்தின் காவல்.

1934-ல் மழை பொய்த்தது, காவலும் நீங்கிற்று. ஆறுகள் குட்டை குட்டையாய்த் தேங்கவே, கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஜுரம் மூண்டது. 1935 முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். நோயோடு பழகிய உடம்பு அவர்களுக்கு இல்லை. பயிர் கருகிக் கூலியும் குறைந்தமையால் வயிற்றில் போதிய சோறும் இல்லை. அந்நிய ஆட்சியின் போப்பி மலருக்கு எதிராகப் பூவரசம்பூ விற்ற 'சூரிய மல்' இயக்கத்தினர் மருந்தும் உணவும் கொண்டு கிராமங்களுக்குச் சென்று தொண்டாற்றினர்.

பின்னர் டி.டி.டி. மருந்து வந்தது. 1963-ல் தீவு முழுவதிலும் நோய் கண்டவர் 17 பேரே. 'இனிப் பயமில்லை' என்று தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-ல் நோயாளிகள் 5 லட்சத்துக்கு மேல்! மீண்டும் பல்லாண்டு உழைத்த பிறகே, 2012-க்குப்பின் உள்நாட்டில் தொற்று இல்லையென்றாகி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியாவற்ற நாடென்னும் நற்சாட்சி வழங்கிற்று.

அதே வருஷம் டிசம்பரில் மன்னாரில் வேறொரு கொசு அகப்பட்டது: அனோபிலிஸ் ஸ்டெஃபன்சி. நம் சென்னைக் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளரும் அதே இனம். அதற்கு ஆறும் வேண்டாம், வறட்சியும் வேண்டாம். மூடாத தொட்டி ஒன்று போதும். மழை இழுத்த பழைய கோட்டை அது மதிக்கப்போவதில்லை.

நோயின் எல்லையை இயற்கை மட்டும் வகுப்பதில்லை. மனிதரின் வறுமையும் அசட்டையும் சேர்ந்தே வகுக்கின்றன. நற்சாட்சிப் பத்திரத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டுத் தொட்டியைத் திறந்து வைப்பவருக்கு, 17 பேர் 5 லட்சமான கதையை நாம் நினைவூட்டுவோம்.