'லினக்ஸில் ஸ்லீப் சரிவராது' என்பது பொய்

"லினக்ஸ் போட்ட லேப்டாப்பை மூடி மட்டும் வைக்காதே, ஷட் டவுன் பண்ணிவிட்டுப் பையில் வை." புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர் காதில் விழும் முதல் அறிவுரைகளில் இது ஒன்று. சொல்கிறவர் லினக்ஸின் எதிரி அல்ல. ஆண்டுக்கணக்கில் அதையே பயன்படுத்துகிறவர். மூடியைத் திறந்தபோது திரை கருப்பாகவே கிடந்ததையும், பையிலிருந்து எடுத்த கணினி கையைச் சுட்டதையும், காலையில் பேட்டரி காலியாகிக் கிடந்ததையும் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்தது உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. இது லினக்ஸின் பிறவிக் குணம், மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்கிற அந்த முடிவை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். தூக்கம் கெட்ட மடிக்கணினி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சாதனமோ, டிரைவரோ, ஃபர்ம்வேர் அமைப்போ பழுதாக இருக்கிறது. அது எது என்று பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க முடியும். பல நேரங்களில் சரிசெய்யவும் முடியும்.

மூடியை மூடினால் என்ன நடக்கிறது? மூடிவிட்டார்கள் என்ற செய்தி சிஸ்டம்டியின் லாகின்டி சேவைக்குப் போகிறது. அது கெர்னலை உறங்கச் சொல்கிறது. கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை நிறுத்திவைத்துவிட்டு, திரை, வைஃபை, எஸ்எஸ்டி, யுஎஸ்பி என்று ஒவ்வொரு டிரைவரையும் அழைத்து, உன் சாதனத்தின் நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு ஓய்ந்துபோ என்கிறது. கடைசியாகக் கட்டுப்பாட்டை ஃபர்ம்வேரிடம் ஒப்படைக்கிறது. எஸ்3 எனப்படும் பழைய முறையில், ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஃபர்ம்வேர் மின்சாரத்தை நிறுத்திவிடும். திறக்கும்போது முதலில் விழிப்பதும் அதுதான். பிறகு கெர்னல், பிறகு டிரைவர்கள் ஒவ்வொன்றாக. இத்தனை கைகள் மாறும் வேலையில் ஒரு கை நழுவினாலும் கணினி எழாது. அந்த வரிசையில் கெர்னல் ஒரு கை. பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது.

இந்தக் கைமாற்றத்துக்கான விதிமுறைதான் ஏசிபிஐ. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதன்படி ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கணினியை எப்படி உறங்கவைக்க வேண்டும் என்பதை அட்டவணைகளாக எழுதி ஃபர்ம்வேருக்குள் வைக்கிறார். அவை வெறும் தகவல் அல்ல, கெர்னல் இயக்க வேண்டிய நிரல். அதை எழுதியவர் விண்டோஸில் ஓட்டிப் பார்த்துச் சரி என்று அனுப்பிவிடுவார். "நீ எந்த விண்டோஸ்?" என்று இயங்குதளத்தைக் கேட்டு, பதிலுக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் வழியும் அந்த நிரலில் உண்டு. லினக்ஸ் கெர்னல் இந்தக் கேள்விக்கு விண்டோஸ் பதிப்புகளின் பெயர்களையெல்லாம் ஒப்புக்கொண்டு ஆம் என்கிறது. "நீ லினக்ஸா?" என்று கேட்டால் மட்டும் இல்லை என்கிறது. 2007இல் வந்த 2.6.23 பதிப்பிலிருந்து இதுதான் வழக்கம். காரணம் எளியது: லினக்ஸுக்கென்று தனியாக எழுதப்பட்ட பகுதிகளைச் சோதித்துப் பார்ப்பவர் இல்லை. விண்டோஸுக்கான பாதை ஒன்றுதான் நடந்து பழகிய பாதை.

1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் சகாக்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஏசிபிஐ நீட்டிப்புகளை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா என்று அதில் கேட்டிருந்தார்; நாம் உழைக்க, லினக்ஸ் சும்மா பலனடைகிறதே என்ற கவலை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசாஃப்ட் மீது நடந்த வழக்கில் அது ஆவணமாக வெளிவந்தது. இன்றைய எல்லாக் கோளாறுக்கும் அந்த அஞ்சல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒரு மூடநம்பிக்கைதான். ஆனால் இந்த விதிமுறை யாரை மனதில் வைத்து வளர்ந்தது என்பதற்கு அது சாட்சி.

அடுத்து, பின்னாளில் நடந்த பெரிய மாற்றம். 2012இல் விண்டோஸ் 8 கனெக்டட் ஸ்டாண்ட்பையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10 அதை மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று விரித்தது. கைபேசியைப் போல, உறங்கும்போதும் மின்னஞ்சல் வரவேண்டும், தொட்டவுடன் விழிக்க வேண்டும் என்பது நோக்கம். இதன்பின் தயாரிப்பாளர்கள் ஃபர்ம்வேரிலிருந்து எஸ்3யை நீக்கத் தொடங்கினார்கள். 2020இல் இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் சிப்புகளோடு வந்த பல மடிக்கணினிகளில் எஸ்3 அறவே இல்லை. புதிய முறையை லினக்ஸ் எஸ்2ஐடில் என்கிறது. இதில் ஃபர்ம்வேர் மின்சாரத்தை நிறுத்தித் தராது. எல்லாச் சாதனங்களும் தாமாக ஓய்ந்தால்தான் சிப்பு தன் ஆழ்ந்த நிலைக்குப் போகும். கல்யாண வீட்டில் கடைசி விருந்தாளி படுக்கும்வரை கூடத்து விளக்கை அணைக்க முடியாததுபோல, ஒரு எஸ்எஸ்டியோ ஒரு கார்டு ரீடரோ விழித்திருந்தால் போதும், கணினி முழுவதும் விழித்தே கிடக்கும். பை சுடுவது இதனால்தான்.

விண்டோஸ்காரர்கள் பையும் சுடுகிறது. அங்கே பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஸ்லீப்ஸ்டடி என்றொரு அறிக்கை உண்டு; உறக்கத்தின்போது எந்தச் சாதனம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்தது என்று பட்டியலிடும். லினக்ஸில் மட்டும் இருக்கும் நோய் என்றால் மைக்ரோசாஃப்ட் எதற்காக இப்படியொரு கருவியை எழுதித் தரவேண்டும்?

எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பையே சொல்லிவிடுவதாகத் தோன்றுவது 2018இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை. லினக்ஸ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் வரிசை அது. அந்தத் தலைமுறை எஸ்3 இல்லாமல் வந்தது. இரவு மூடி வைத்தால் பேட்டரி வேகமாகக் கரைந்தது. "லினக்ஸ் என்றால் இப்படித்தான்" என்று சிலர் ஒதுங்கிக்கொள்ள, வேறு சிலர் ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்துப் பார்த்தார்கள். எஸ்3க்கான பதிவை அங்கே தாங்களே சேர்த்தார்கள். திருத்திய அட்டவணையைக் கணினி தொடங்கும்போதே கெர்னலிடம் கொடுத்தார்கள். கணினி நன்றாக உறங்கியது. முறையீடுகள் லெனோவோவுக்கும் போயின. அந்த ஆண்டே வந்த பயாஸ் புதுப்பிப்பில், ஸ்லீப் ஸ்டேட் என்ற அமைப்பில் விண்டோஸ் 10, லினக்ஸ் என இரண்டு தேர்வுகள் தோன்றின. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் எஸ்3 திரும்பிவிடும். அதே கணினி, அதே கெர்னல், மாறியது பயாஸில் ஒரு வரி. குறை லினக்ஸின் பிறவிக் குணமாக இருந்திருந்தால் அந்த ஒரு வரி அதை எப்படித் தீர்த்திருக்கும்?

'லினக்ஸ் என்றால் இப்படித்தான்' என்ற நம்பிக்கையின் இன்னொரு கேடு, ஐந்து வெவ்வேறு பழுதுகளை அது ஒரே பெயரில் அடைத்துவிடுகிறது. உறங்கவே மறுப்பது, உறங்கிய நொடியே விழிப்பது, விழித்தும் திரை வராதது, விழிக்காமலே செத்துப்போவது, உறக்கத்தில் பேட்டரியைக் குடிப்பது எல்லாம் தனித்தனி. காரணமும் தனி, மருந்தும் தனி. இதைப் பிரிக்காமல் எங்கோ பார்த்த ஒரு கெர்னல் அளவுருவை எல்லாக் கணினிக்கும் ஒட்டுகிறவர்களையும் நான் கண்டிக்கிறேன். 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்பது அவர்களின் சர்வரோக நிவாரணி; டீப் என்பது எஸ்3தான். சிஸ் கோப்பு முறைமையில் பவர் அடைவில் மெம்_ஸ்லீப் என்றொரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தாலே, இந்தக் கணினியில் எஸ்2ஐடில், டீப் இரண்டில் எவை உண்டு, இப்போது எது நடப்பில் என்று அடைப்புக்குறியிட்டுக் காட்டும். டீப் அங்கே இல்லையென்றால் அளவுருவால் பயனில்லை. இருந்தும் ஃபர்ம்வேரில் அது சோதிக்கப்படாமல் கிடந்தால், நன்றாக விழித்துக்கொண்டிருந்த கணினியும் விழிக்காமல் போகலாம்.

உறங்கிய கணமே விழிக்கிறதா? ப்ராக் கோப்பு முறைமையின் ஏசிபிஐ அடைவில் வேக்கப் என்ற கோப்பு, எழுப்பும் உரிமை பெற்ற சாதனங்களைச் சொல்லும். பெரும்பாலும் குற்றவாளி யுஎஸ்பி கட்டுப்படுத்தி, அதில் செருகிய மவுஸ். அந்தக் கட்டுப்படுத்தியின் பெயரை அந்தக் கோப்பிலேயே எழுதினால் உரிமை போய்விடும். அடுத்து, திரை கருப்பாக இருக்கிறதென்றால் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள்; அந்த விசைக்கு விளக்கு உள்ள கணினியில் அது எரிந்து அணைகிறதா? வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முடிகிறதா? ஆம் என்றால் கணினி எழுந்துவிட்டது, எழாதது கிராஃபிக்ஸ் மட்டும். என்விடியாவின் சொந்த டிரைவரில் இது அடிக்கடி வரும்: உறங்கும் முன் வீடியோ நினைவகத்தை முழுவதும் காப்பாற்றிவைக்கும் தேர்வு ஒன்று அதில் உண்டு, அதையும் என்விடியாவின் சஸ்பெண்ட், ரெஸ்யூம் சேவைகளையும் இயக்கிப் பார்க்க வேண்டும். பேட்டரி கரைகிறதென்றால், இன்டெல் கணினிகளில் சிப்பு ஆழ்நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கணக்கைக் கெர்னலே வைத்திருக்கிறது. உறங்கி எழுந்த பிறகும் அது பூஜ்யமாக நின்றால், ஏதோ ஒன்று தூங்கவிடவில்லை என்று பொருள். ஏஎம்டிக்கும் இதைச் சோதிக்கும் நிரல் உண்டு.

கடினமானது, செத்தே போகும் கணினி. திரை இல்லை, எஸ்எஸ்டி ஓய்ந்துவிட்டது, பதிவேட்டில் 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரியோடு எழுத்து நின்றுவிடுகிறது. எங்கே விழுந்தது என்று கணினி யாரிடம் சொல்லும்? கெர்னல் எழுதியவர்கள் இதற்குக் கண்ட வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். கணினி அணைந்தாலும் ஓடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று, உள்ளேயிருக்கும் கடிகாரம். பிஎம்_ட்ரேஸ் என்ற வசதியை இயக்கிவிட்டு உறங்கவைத்தால், கெர்னல் தான் கடந்துபோகும் ஒவ்வொரு கட்டத்தின் அடையாளத்தையும் சுருக்கி, அந்தக் கடிகாரத்தில் தேதியாகவும் நேரமாகவும் எழுதிக்கொண்டே போகும். கணினி செத்ததும் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, சுமார் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி தொடங்க வேண்டும். கெர்னல் கடிகாரத்தைப் படித்து, கடைசியாகத் தொட்ட சாதனம் எதுவாக இருக்கலாம் என்று டிமெசேஜ் என்ற கெர்னல் பதிவில் காட்டும். தேதி தாறுமாறாகிப் போயிருக்கும், திருத்திக்கொள்ளலாம். இதற்கு முன்பே பிஎம்_டெஸ்ட் கோப்பு வழியாக, நிரல்களை நிறுத்துவதோடு திரும்பு, சாதனங்களை ஓய்வாக்குவதோடு திரும்பு என்று ஒத்திகையை ஒவ்வொரு படியாக நீட்டிப் பார்க்கலாம். எந்தப் படியில் முதலில் தடுக்கிறதோ அங்கே பழுது. ஆர்டிசிவேக் கட்டளை குறித்த நொடியில் தானே எழுப்பும் என்பதால் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கையில் இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு 'லினக்ஸ் என்றால் இப்படித்தான்' என்பது நியாயமா?

நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் காணாமல் போனதைப் பற்றியும் இதே புலம்பல் கேட்கிறது. செக்யூர் பூட் இயங்கும்போது பல வழங்கல்களில் கெர்னல் பூட்டு (லாக்டவுன்) நிலைக்குப் போகும். அந்த நிலையில் ஹைபர்னேட்டைத் தெரிந்தேதான் தடுக்கிறார்கள். வட்டில் கிடக்கும் நினைவகப் பிரதியை யாரும் மாற்றியெழுதிவிடக் கூடாது என்பது காரணம். அது பழுதே அல்ல.

"சாதாரண மனிதர் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும்?" என்பது நேர்மையான கேள்வி. செய்ய வேண்டியிருக்கக் கூடாது. அதனால்தான், முடிந்தவர்கள் லினக்ஸோடு சோதித்து விற்கப்படும் கணினியை வாங்க வேண்டும் என்கிறேன். சிஸ்டம்76, ஃபிரேம்வொர்க் இருக்கின்றன. லெனோவோவும் டெல்லும் சில வரிசைகளை லினக்ஸோடு விற்கின்றன. ஆனால் கையில் கிடைத்த கணினியில், பெரும்பாலும் பழைய கணினியில், லினக்ஸ் போட்டுக்கொள்ளும் மாணவருக்கு அந்தத் தேர்வு இல்லை. அவரிடம் போய் 'இது சரியாகாது' என்று சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது பயாஸைப் புதுப்பி என்பது. எஃப்டபிள்யூஅப்டி என்ற கருவி வழியாகப் பல தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேர் லினக்ஸிலிருந்தே இறங்குகிறது. எதுவும் பலிக்காத, தயாரிப்பாளர் மனம் வைத்தால் மட்டுமே திருந்தும் கணினிகளும் சில உண்டு. அவற்றை மட்டும் ஷட் டவுன் செய்யுங்கள். காரணம் இன்னது என்று தெரிந்து செய்யுங்கள்.

இந்த நம்பிக்கையால் வரும் பெரிய நட்டம் வேறு. 'சரிவராது' என்று நினைப்பவர் புகார் எழுத மாட்டார். கெர்னலின் மூல நிரலில் ஏசிபிஐ உறக்கத்துக்கான கோப்பைத் திறந்தால், தயாரிப்பாளர் பெயரும் கணினி மாதிரியும் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கும். இந்த மாதிரியில் இன்ன வரிசையில் ஓய்வாக்கு, அந்த மாதிரியில் இன்னதைச் செய்யாதே என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு. என்விஎம்இ டிரைவரிலும் இதுபோல உண்டு. யாரோ ஒருவர் தன் கணினியில் பிழையைப் பார்த்து, சோதித்து எழுதி அனுப்பியதால்தான் இத்தகைய குறிப்புகள் அங்கே சேர்கின்றன. புகாரில் என்ன வேண்டும்? கணினியின் முழு மாதிரிப் பெயர், பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, மெம்_ஸ்லீப் கோப்பு காட்டுவது, முந்தைய தொடக்கத்தின் கெர்னல் பதிவு, ஐந்து பழுதுகளில் இது எது என்ற ஒரு வரி. முன்பு ஒரு கெர்னலில் நன்றாக உறங்கியது என்றால் அந்தப் பதிப்பு எண்ணையும் சேருங்கள். தேட வேண்டிய இடம் அதனால் பெரிதும் சுருங்கும். திருத்தம் ஏற்கப்பட்டு நிலையான பதிப்பில் சேர்ந்துவிட்டால், அதே மாதிரியை வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் அது தானாகவே வந்து சேரும்.