திறெட் போன துளைக்கு ரேப் சுற்றுகிற பழக்கத்தை விடுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒருக்கா வாசியுங்கள். பழையது ஒன்று வாங்க நினைப்பவர்கள் இரண்டு தரம் வாசியுங்கள்.

ஒயில் மாற்றும்போதெல்லாம் இயந்திரத்தின் அடியில் இருக்கிற போல்ற்றைக் கழற்றிப் பூட்டுகிறோம். ஒரு நாள் அது இறுகாமல் சும்மா சுழன்றுகொண்டு நிற்கும். உள்ளே புரி உரிந்துவிட்டது. எங்கள் பேச்சில் சொன்னால் "திறெட் போட்டுது". அதற்குப் பிறகு ஊரில் நடப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பைப் பூட்டச் சுற்றுகிற வெள்ளை ரேப்பைச் சுற்றி இறுக்குவார்கள். இல்லாவிட்டால் பசை பூசி ஒரேயடியாக மூடுவார்கள். அதுவும் இல்லையென்றால் கொஞ்சம் பெரிய போல்ற் ஒன்றை வைத்துப் பலவந்தமாக முறுக்கி ஏற்றுவார்கள்.

இந்த மூன்றையும் திருத்த வேலை என்று சொல்லக்கூடாது என்பது என் கருத்து. அடுத்து அந்த வண்டியில் ஏறப்போகிறவரின் தலையில் கட்டுகிற வேலை இது.

ரேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒயிலைத் தடுப்பது போல்ற்றின் தலைக்குக் கீழே இருக்கிற வாசர். புரியின் வேலை அந்த வாசரை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான். புரி பிடிக்காவிட்டால் வாசர் அழுந்தாது. எத்தனை சுற்று ரேப் சுற்றினாலும் போல்ற் குலுக்கத்தில் கழரத்தான் போகிறது. 100 சிசி வண்டியில் மொத்தமே ஒரு லீற்றர் அளவு ஒயில்தான் இருக்கும். அது கொட்டுவது பின்சில்லுக்கு நேர் முன்னால். பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறை வீதியில் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திறெட் ஏன் போகிறது? போல்ற் உருக்கு, இயந்திரத்தின் உடல் அலுமினியம். மெதுவான உலோகம்தான் தோற்கும். பல ஹொண்டா இயந்திரங்களில் இந்த ஒயில் போல்ற்றுக்குச் சொல்லப்பட்ட இறுக்கம் 24 நியூட்டன் மீற்றர். 20 சென்ரிமீற்றர் நீளச் சாவியின் நுனியில் ஏறத்தாழ 12 கிலோ பாரம் கொடுத்தால் அவ்வளவுதான். அதே சாவியில் குழாயை மாட்டி 60 சென்ரிமீற்றர் ஆக்கி, அதே பலத்தைக் கொடுத்தால் மூன்று மடங்கு. "நல்லா இறுக்கிவிடு தம்பி" என்று பக்கத்தில் நின்று சொல்கிறோமே, அந்தச் சொல்தான் பாதித் திறெட்டைத் தின்கிறது.

இன்னொரு காரணம் பழைய போல்ற் டப்பா. பிரித்தானிய அங்குல அளவும் மில்லிமீற்றர் அளவும் எங்கள் வீடுகளில் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு 8 மில்லிமீற்றர் போலவே இருக்கும். ஆனால் புரி இடைவெளி வேறு. முதல் இரண்டு சுற்று கையால் போகும், பிறகு சாவி போட்டால் துளையை அறுத்துக்கொண்டு போகும். கையால் முழுதாகப் போகாத போல்ற்றுக்குச் சாவி போடக்கூடாது. ஒரே விதி இதுதான்.

சரி, போன திறெட்டை என்ன செய்வது? முதலில் ஆழத்தைப் பாருங்கள். மேல்புரி மட்டும் போய், உள்ளே பாவிக்காத புரி மிச்சம் இருந்தால், அடியில் முட்டாத அளவுக்குக் கொஞ்சம் நீளமான போல்ற்றே போதும். முழுதும் போயிருந்தால் ஹெலிகொயில். வைரம்போல் நான்கு மூலை வெட்டுமுகம் கொண்ட உருக்குக் கம்பியைச் சுருளாகச் சுற்றியது அது. 8 மில்லிமீற்றர் போல்ற் என்றால் துளையை 8.3 அளவுக்குப் பெருப்பித்து, அந்தச் செற்றோடு வருகிற ரப்பால் புதுப்புரி வெட்ட வேண்டும். சாதாரண 8 மில்லிமீற்றர் ரப் இதற்குச் சரிவராது. அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால், நேராகப் பிடித்துக்கொண்டு. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டால் நன்றாக வெட்டும். ரப்பின் பள்ளத்தில் கிறீஸ் பூசினால் துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுருளை முகப்பிலிருந்து கால் சுற்றாவது உள்ளே இறங்கும்வரை முறுக்கி, அடிவாலை முறித்து வெளியே எடுத்துவிட வேண்டும். பழைய அளவுப் போல்ற்றே மீண்டும் பூட்டலாம். விமான இயந்திரங்களில் அலுமினியத் துளைகளுக்குப் புதிதாகச் செய்யும்போதே இந்தச் சுருளைப் போடுகிறார்கள். ஆகவே இதை ஒட்டுவேலை என்று யாரும் இளக்காரம் பண்ண வேண்டாம்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யவும் கூடாது. மூடிகள், ஒயில் போல்ற், மட்காட் போல்ற் சரி. பிறேக், சில்லு அச்சு, ஹாண்டில் பக்கம் கை வைக்காதீர்கள். பிளக் துளையும் அப்படித்தான்; துருவல் சிலிண்டருக்குள் விழுந்தால் சின்னச் செலவு பெரிய செலவாகும். அவற்றை லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கராஜில் கொடுத்தாலும் "என்ன போட்டீர்கள் அண்ணை?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.

"அந்தக் காலத்தில் எத்தனை ஒட்டுவேலை செய்து ஓட்டினோம்" என்பார்கள். உண்மைதான். 90களில் பெற்றோல் வராதபோது ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. அப்போது எங்கள் குடும்பங்கள் இங்கே இருக்கவில்லை. மூத்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அந்த மனிதர்கள் ஒட்டுவேலை செய்தது பொருள் கிடைக்காததால். இன்று பொருள் கிடைக்கிறது. அவர்களுடைய கெட்டித்தனத்தைச் சொல்லி எங்களுடைய அலட்சியத்தை மறைக்கக்கூடாது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. பசை பூசி மூடிய துளையோடு விற்கப்பட்ட வண்டிகளும் அதற்குள் உண்டு. விற்கும் பொருளில் குறை இருந்தால் வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது நபிகளார் கற்றுத்தந்த வணிக ஒழுக்கம். எந்தச் சமயத்தவருக்கும் இது பொருந்தும். திறெட் போனது குற்றமில்லை. அதை மறைத்து விற்பதுதான் குற்றம்.

கடைசியாக ஒரு யோசனை. ஹெலிகொயில் செற், புரி அளக்கிற கேஜ், ரோர்க் றெஞ்ச் எல்லாம் வீட்டுக்கு வீடு வாங்கத் தேவையில்லை. வருடத்தில் ஒரு நாள் வேண்டிய சாமான்கள். எங்கள் சனசமூக நிலையங்கள் பேப்பரும் புத்தகமும் வைத்திருக்கின்றன. ஒரு அலுமாரித் தட்டில் 6, 8, 10, 12 மில்லிமீற்றர் செற்றுகளையும் ஒரு ரோர்க் றெஞ்ச்சையும் வைத்து, பெயர் எழுதிக் கொடுத்து வாங்கினால் என்ன? சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் படிக்கிற பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. தாளில் புரியை அழகாக வரைகிற பிள்ளை, ஒரு சனிக்கிழமை காலையில் உண்மையான துளை ஒன்றில் ரப் பிடிக்கட்டும். பக்கத்தில் ஒரு மூத்த மெக்கானிக் ஐயா கதிரை போட்டு இருக்கட்டும்.

நிலையங்களின் நிர்வாகத்தில் இருப்பவர்கள் யோசித்துச் சொல்லுங்கள். முதல் செற்றுக்கு என் பங்கைத் தர நான் தயார்.