பீர் ருசியும் கள் குடியும்

ஒரே காரியத்துக்கு ஆளுக்குத் தக்கபடி இரண்டு பெயர் வைப்பது நம் நாட்டில் வெகுகாலமாய் இருந்து வரும் வழக்கமாகும். பெரிய மனிதன் சீட்டாடினால் பொழுதுபோக்கு. கூலிக்காரன் ஆடினால் சூதாட்டம். மிராசுதாரர் பகலில் தூங்கினால் ஓய்வு. பண்ணையாள் தூங்கினால் சோம்பேறித்தனம். இந்த வரிசையில் இப்போது புதிதாக வந்து சேர்ந்திருப்பது “பீர் ருசி பார்த்தல்” என்பதாகும். அதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம்.

நெமிலிச்சேரி என்பது சென்னை – அரக்கோணம் ரயில் பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவிலுள்ள ஒரு சிறு நிறுத்தம். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலையின் முதல் பகுதி இவ்வூரில்தான் முடிகிறது. மீஞ்சூருக்குப் போகும் இரண்டாம் பகுதி இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் தொழிலாளியும், கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் பட்டதாரியும் ஒரே வண்டியில் தொங்கிக்கொண்டு போகிற ஊர். இப் பட்டதாரித் தோழர்களில் சிலர் விடுமுறை கிடைத்தால் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் போய் வருகிறார்கள். வேலையின் பொருட்டு ஜெர்மனி, பெல்ஜியம் வரையில் போய் வந்தவர்களும் உண்டு. போன இடத்தில் கோதுமை பீர் எப்படி, கறுப்பு பீர் எப்படி, எதில் கசப்பு அதிகம், எதில் வாழைப்பழ வாசனை வருகிறது என்று நாலு பேர் கூடி ஒரு புட்டியைப் பங்கிட்டுக் குடித்து, பார்த்ததைக் குறித்தும் வைத்துக்கொள்ளுகிறார்கள்.

இதைக் கேட்டு நமக்கு ஆத்திரம் ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதன் தன் வாய்க்குள் போவது இன்னது, இத்தனை வலுவுள்ளது, இன்ன பொருளால் ஆனது என்று விசாரித்துவிட்டுக் கொஞ்சமாய்ச் சாப்பிடுவதானது பகுத்தறிவுக்கு விரோதமான காரியமல்ல. கணக்கும் அப்படித்தான் சொல்லுகிறது. 650 மில்லி புட்டியில் 5 சதவீத பீர் இருந்தால் அதிலுள்ள மதுச்சத்து சுமார் 32 மில்லி. நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 8 மில்லி. மூன்று தினுசு ருசி பார்த்தாலும் 24 மில்லிதான். அதே சமயத்தில் நம் சர்க்கார் கடையில் “குவார்ட்டர்” என்று வாங்கித் தண்ணீர்ப் பொட்டலத்தைப் பல்லால் கடித்து ஊற்றி ஒரே மடக்கில் விழுங்குகிறவனுக்கு 77 மில்லி உள்ளே போகின்றது. முன்னவன் ருசி பார்க்கிறான். பின்னவன் தன் நினைவை அடித்துப் போடுகிறான். இந்த வித்தியாசத்தை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இதைச் சொன்னவுடனே “ஆகா, பீர் உடம்புக்கு நல்லது” என்று யாரும் கிளம்ப வேண்டாம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988ஆம் வருஷத்திலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. எவ்வளவு குறைவாய்க் குடித்தாலும் அபாயமே இல்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிற்று. ஆகவே, அபாயம் குறைவு என்பதுதான் நம் பேச்சே ஒழிய, அபாயமில்லை என்பதல்ல. ருசி பார்த்தவர் அப்படியே வெளிவட்டச் சாலையில் மோட்டாரை எடுத்தாரானால், அந்த ருசிக்கும் சாராயக் கடைக்கும் எவ்வித பேதமுமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் சட்டம் பிடிக்கும். எதிரே சைக்கிளில் வருகிறவனுக்கோ, வண்டிக்காரர் குடித்தது பெல்ஜியம் பீரா பட்டைச் சாராயமா என்பதில் அக்கறையில்லை.

நிற்க, நாம் கேட்க வந்த கேள்வி வேறு. பீரை ருசி பார்க்கலாம் என்கிற இத் தோழர்களும், இவர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிற பெற்றோர்களும், கள் என்ற வார்த்தையைக் கேட்டவுடன் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள்? பீர் என்பது முளைகட்டிய வாற்கோதுமையின் சாறு புளித்தது. கள் என்பது பனையின் அல்லது தென்னையின் சாறு புளித்தது. இரண்டையும் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீர்; தடவாவிட்டால் கள். வலுவும் ஏறக்குறைய பீரின் வலுவேதான். அப்படியிருக்க ஒன்று நாகரிகமாகவும் மற்றொன்று இழிவாகவும் ஆனதெப்படி?

கடவுளைக் கேட்டால் தெரியுமோ என்னவோ. சுமேரியர்கள் பீருக்கென்றே நின்காசி என்று ஒரு பெண் தெய்வத்தை வைத்திருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், பானையில் நுரை ஏன் வருகிறது என்று தெரியாததால், அந்த நுரைக்கே “கடவுள் நல்லவர்” என்று பொருள்படும்படி ஒரு பெயர் வழங்கிற்று. 1857இல் பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி புளிப்பைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டு, இது உயிருள்ள நுண்பொருளின் வேலை என்று காட்டினார். 1883இல் டென்மார்க்கில் ஹான்சன் என்பவர் நல்ல ஈஸ்டைத் தனியாய்ப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அன்றுமுதல் பீர் கெட்டுப்போவது கடவுள் கோபமில்லாமல், கழுவாத பானையின் குற்றமாயிற்று. நம் தோழர்கள் கோதுமை பீரில் கண்டுபிடிக்கிற வாழைப்பழ வாசனைகூடப் பழத்தால் வந்ததல்ல, ஈஸ்டால் வந்ததுதான். கள்ளுக்கு இப்படிப்பட்ட ஆராய்ச்சியும் சுத்தமும் ஏன் வரவில்லை என்றால், அதை இறக்கியவன் யார் என்று பார்த்தால் விளங்கும். மரமேறுகிறவர்களின் ஜாதி என்று சொல்லித்தானே நாடார்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள்? கமுதிக் கோயில் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் போயும் 1908இல் அவர்களுக்கு எதிராகத்தானே தீர்ப்பாயிற்று? ஏறுகிறவனுக்கு இழிவென்றால் இறக்கினதற்கும் இழிவு.

பீர் வந்த வழியோ வேறு. அது வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே லண்டன் ஹாட்ஜ்சன் என்பவரின் பீர் இந்தியாவுக்கு வந்து விற்றது. “இந்தியா பேல் ஏல்” என்று இன்று நம் தோழர்கள் மிகுந்த பக்தியோடு சொல்லுகிற தினுசு அந்த வியாபாரத்தில் பிறந்த பெயர்தான். நெமிலிச்சேரிக்குத் தெற்கே பூந்தமல்லியில் அக்காலத்தில் வெள்ளைச் சிப்பாய்களின் டிப்போ இருந்தது. நீலகிரியில் 1857ஆம் வருஷத்துக் காஸில் பீர்ச் சாலையும், இன்னும் சிலவும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 1915இல் யுனைடெட் புரூவரீஸ் என்ற கம்பெனியாயிற்று. துரை குடித்தது ஆதலால் அது மரியாதைப் பட்டது. இதில் ருசிக்கு என்ன வேலை?

சட்டமும் இதே பாதையில்தான் போயிற்று. 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் ஆச்சாரியார் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. வசதியுள்ளவர்களுக்கு அப்போதும் பர்மிட் என்ற பின்கதவு இருந்தது. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள், 1983இல் டாஸ்மாக் வைத்தார்கள். 1987 ஜனவரியில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். 2003இல் சில்லறை வியாபாரம் முழுவதையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது; 2023–24இல் அதன்மூலம் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது 43 சதவீதச் சரக்கை விற்பது ஜனசேவை, 5 சதவீதக் கள்ளை இறக்குவது குற்றம்! பக்கத்திலுள்ள மலையாள நாட்டில் கள்ளுக்கடை இருக்கிறது. அங்குள்ளவர்கள் எல்லோரும் அழிந்துபோய்விடவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20 பேருக்கு மேல். இவர்களில் ஒருவனாவது தான் குடிப்பது இன்னதென்று தெரிந்து குடித்தவனா? விமானத்தில் வந்து இறங்குகிறவர் இரண்டு லிட்டர் வெளிநாட்டுச் சரக்கைத் தீர்வையில்லாமல் கையில் கொண்டு போகலாம். புட்டியின்மேல் வலு, தேதி, ஊர் எல்லாம் அச்சிட்டிருக்கும். மூட்டை தூக்குகிறவனுக்குக் கிடைத்ததோ பெயரில்லாத பிளாஸ்டிக் பை. குறைந்த வலுவுள்ள, பரிசோதித்த, மலிவான பானம் ஒன்று அவன் கைக்கெட்டுமானால் அந்தப் பையை எல்லோரும் தேடிப் போயிருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை.

“கள்ளில் மயக்க மருந்து கலப்பார்களே?” என்பார்கள். கலந்தார்கள், வாஸ்தவம். பாலில், நெய்யில், மிளகாய்ப் பொடியில் கலப்பதில்லையா? அதற்கெல்லாம் உணவுப் பரிசோதகர் இருக்கும்போது கள்ளுக்கு மாத்திரம் ஏன் இல்லாமற் போக வேண்டும்?

பெண்கள் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை ஔவையார் புறநானூற்றில் கூச்சமின்றிப் பாடியிருக்கிறார். இன்று நம் பீர் தோழர்களின் கூட்டத்தில் அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி தானும் அரைக் கோப்பை ருசி பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால், கலாசாரம் கெட்டது என்று முதலில் எழுந்து நிற்பவர்கள் இவர்களேதான். பெண்கள் குடிக்க வேண்டும் என்பதல்ல நம் கட்சி. ஆணுக்கு ருசியாயிருப்பது பெண்ணுக்கு ஒழுக்கக்கேடு ஆவதற்குக் காரணம் என்ன என்றுதான் கேட்கின்றோம். குடிகாரப் புருஷனிடம் அடிபடுகிற பெண்களைத் தவிர மற்ற யாருக்கும் இந்த விஷயத்தில் ஒழுக்கம் பேச யோக்கியதை இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே நெமிலிச்சேரித் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். அடுத்த விடுமுறையில் பெங்களூருக்குப் போவதை நிறுத்திவிட்டு ஒருமுறை பாலக்காட்டுப் பக்கம் ரயிலேறுங்கள். அங்கே லைசென்ஸ் உள்ள கள்ளுக்கடையில் உட்கார்ந்து, எந்த மரம், எத்தனை மணிக்கு இறக்கியது, காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் புளிப்பில் என்ன வித்தியாசம் என்று, பீருக்குக் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். மரமேறுகிறவருக்குக் கலயத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் விசாரியுங்கள். எழுதி அனுப்பினால் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.