சின்ன வண்டிக்கு நல்ல மூச்சு

848 சிசி இஞ்சின். 34 குதிரைத்திறன். 1959ல் பிரிட்டனில் மினி கார் அறிமுகமானபோது அதன் பலம் அவ்வளவுதான். 1956 சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்கு ரேஷன் வந்த பிறகு, குறைந்த எரிபொருளில் ஒரு குடும்பம் போய்வர அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த வண்டி அது.

இதை ஓட்டமெடுக்க வைக்கலாம் என்று பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பருக்குத் தோன்றியது. 1961ல் வந்தது மினி கூப்பர்: 997 சிசி, இரண்டு கார்பரேட்டர்கள், 55 குதிரைத்திறன். அடுத்து வந்த கூப்பர் எஸ், மான்டி கார்லோ ராலியில் மூன்று முறை (1964, 1965, 1967) வென்று பெரிய கார்களைத் தலைகுனிய வைத்தது.

2000ல் பழைய மினியின் உற்பத்தி நின்றது. ஆசை நிற்கவில்லை. அசல் கூப்பர் எஸ் இன்று பணக்காரர்களின் சேகரிப்புப் பொருள். சாதாரண மினியை வைத்திருப்பவர் குறைந்த செலவில் வேகம் கூட்ட முடியுமா? முடியும், வரிசை தப்பாமல் செய்தால்.

முதல் வேலை, வண்டி இழந்த பலத்தை மீட்பது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். டாப்பெட் இடைவெளி, பிளக், டைமிங் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்து ஆடினால் எந்த டைமிங்கும் நிலைக்காது. பாதிக் குறை இங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு.

அடுத்தது மூச்சு. மினி இஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து காற்று நுழைய இரண்டே வழிகள். புகை வெளியேற மூன்று. மூச்சுத் திணறல் பிறவிக் குறை. பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் 'ஸ்டேஜ் ஒன்' என்று சொல்லும் வைத்தியம் இதற்குத்தான்: தடையில்லாத ஏர் ஃபில்டர், அகலமான இன்லெட் மேனிஃபோல்ட், நடுக்குழாய் நீண்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், தாராளமான சைலன்சர். 

இவற்றோடு மாற்ற வேண்டிய இன்னொன்று, எஸ்.யூ. கார்பரேட்டரின் ஊசி. விலை அற்பம், மறப்பவர்கள் அதிகம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். இல்லாவிட்டால் கலவை மெலிந்து, சூடேறி, வால்வோ பிஸ்டனோ கருகும். ஊசியில் மிச்சம் பிடித்த காசுக்கு இஞ்சினையே பலி கொடுக்க நேரும்.

இதற்கு மேலும் ஆசைப்படுபவர்கள் 1275 சிசி இஞ்சினைத் தேடுகிறார்கள். ஒரு காலத்தில் காயலான் கடைகளில் ஆஸ்டின் மெட்ரோ கார்களிலிருந்து மலிவாகக் கழற்றியது. மெட்ரோக்களே அரிதாகிவிட்ட இன்று அதுவும் மலிவல்ல. அந்த இஞ்சினின் ஹெட்டை மட்டும் கழற்றி 998 சிசி இஞ்சினில் மாட்டுவதும் சுலபமில்லை: பெரிய வால்வுகள் பிளாக்கில் இடிக்கும், அங்கே குழி எடுக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றிய கையோடு, ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்திவிடுவது புத்திசாலித்தனம்.

பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடும் கணக்கு ஒன்றுண்டு. ஜான் கூப்பர் 21 குதிரைத்திறனைக் கூட்டியபோதே முன் சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக்கைப் போட்டார். பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு இஞ்சினுக்கு மட்டும் செலவழிப்பவர், போகும் வேகத்தை வாங்குகிறார். நிற்கும் வழியை அல்ல. இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்தபின் இழப்பீடும் கிடைக்காமல் போகலாம்.

கையில் இருப்பது கொஞ்சம் பணம் என்றால், அதில் முதல் பங்கு பிரேக்குக்கு.