யார் மலடி?

உடப்புக் கரையில் வலை இழுக்கும் குடும்பமாயினும், பாலாவி உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் குடும்பமாயினும், மணமாகி இரண்டாண்டு கழிந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லையென்றால் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றே: “அவளுக்கு என்ன குறை?” அவனுக்கு என்ன குறை என்று கேட்டவரை நாம் இன்னும் காணவில்லை. ‘மலடி’ என்ற சொல் நாவில் எளிதாகப் புரள்கிறது. ‘மலடன்’ அகராதிக்குள் உறங்குகிறான்.

விஞ்ஞானம் சொல்வது வேறு. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடத்தில் ஆணின் குறையும் காரணமாகவோ துணைக்காரணமாகவோ இருக்கிறது. ஆணைச் சோதிப்பதுதான் எளிது: சில நாள் விலகியிருந்து ஒரு சிறு புட்டியில் விந்தைக் கொடுத்தால் போதும். பெண்ணுக்கோ இரத்தச் சோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்றறிய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. இருந்தும், முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவள் அவளே! அதற்கும் முன்னே நேர்த்திக்கடன்கள். முன்னேசுவரமோ, தலவில அன்னம்மாள் கோயிலோ, எங்கும் விரதம் இருப்பவளும் அவள்தான்.

கருப்பைக்குள் விந்தைச் செலுத்தும் ஐ.யூ.ஐ. சிகிச்சையைப் பற்றியும் இதே மயக்கம். இதில் மாயம் எதுவுமில்லை. விந்தைக் கழுவி, ஓட்டமுள்ள அணுக்களைப் பிரித்து, முட்டை வெளிப்படும் வேளையில் மெல்லிய குழாய்வழி கருப்பைக்குள் விடுகிறார்கள். சில நிமிட வேலை, மயக்கமருந்து வேண்டியதில்லை. கருக்குழாய்களில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். விந்தணு மிகக் குறைந்தவருக்கு இது பெரிதும் உதவாது. ஒரு தடவையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் கருத்தரித்தாலே நல்ல பலன். வயது ஏற ஏற அதுவும் குறையும். இதை முதலிலேயே சொல்லாமல் நம்பிக்கையை விலைக்கு விற்பவரை வைத்தியர் என்பதா, வியாபாரி என்பதா?

1884இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்ததை நினைவூட்டுகிறோம். பன்கோஸ்ட் என்ற பேராசிரியர், மாணவன் ஒருவனின் விந்தை ஒரு பெண்ணுக்குள் செலுத்தினார். குறை கணவனிடம், மயக்கமருந்து மனைவிக்கு! கணவனுக்குப் பிறகு சொன்னார்கள், அவளுக்குச் சொல்லவேயில்லை. செய்தி அச்சேறியது 1909இல். இன்று நம் பெண்ணிடம் ஒப்பம் கேட்கும் தாள் அவள் வாசிக்கும் மொழியில் இருக்கிறதா என்று நாம் கேட்பது இதனால்தான்.

மதம் தடுக்கும் என்போரும் உளர். கணவனின் விந்தாயின் ஆகும், பிறருடையது ஆகாது என்று 1980இல் எகிப்தில் அல்-அஸ்ஹர் வட்டாரத்துத் தீர்ப்பு சொன்னது. கத்தோலிக்க பீடம் 1987இல் கண்டித்தது. முடிவைத் தம்பதியர் எடுக்கட்டும். பக்கத்து வீடு எடுக்க வேண்டாம்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சிகிச்சை மணிக்கணக்கில் நடப்பது. முட்டையை வெளிப்படுத்தும் ஊசி போட்டால், ஏறத்தாழ 36 மணி நேரத்தில் செலுத்துதல் நிகழவேண்டும். எடுத்த விந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் சேரவேண்டும். தனியார் நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பையே சூழ்ந்திருக்கின்றன. கற்பிட்டியிலிருந்து 150 கிலோமீற்றருக்கு மேல். அதற்கு முன் ஸ்கேனுக்கென்று பல பயணங்கள். நாட்கூலியை இழந்து, பஸ் காசுக்குக் கடன்பட்டு, அறை வாடகையும் கொடுத்து எத்தனை மாதம் போவாள்? கணவன் வாடியில் இருப்பான்; சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் அவனைப் பிடித்து வைத்திருக்கும். பணமுள்ளவனுக்கு முட்டை காத்திருப்பதில்லை. ஆனால் அவனிடம் கார் இருக்கிறது.

இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற உரிமை. கர்ப்பிணியை வீடுதேடி வந்து பார்க்கும் மருத்துவிச்சி, பிள்ளையில்லாத வீட்டுக்கும் போய்க் கணவனையும் உட்காரவைத்துப் பேசவேண்டும். சிலாபம், புத்தளம் அரச வைத்தியசாலைகளில் விந்துச் சோதனை முதல் இச்சிகிச்சை வரை, தாமதமின்றி, காசின்றி, தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்கவேண்டும். இது சலுகை கேட்பதன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விஞ்ஞானப் புத்தகத்தின் இனப்பெருக்கப் பாடத்தை, “வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்” என்று நம்மில் எத்தனை பேர் தாண்டியிருக்கிறோம்! அடுத்த தவணையில் அதை நடத்துங்கள். பையன்களையும் இருத்தி நடத்துங்கள்.